சுறாத் தோலும் பைபர் படகும்: மண்ணெண்ணெய் எங்கே கரைகிறது?

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏற்றப்பட்டது. பிறகு அது ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஆனால் பழைய விலைக்குத் திரும்பவில்லை. வடக்கின் கரையோரத்தில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளில் பெரும்பகுதி மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஆகவே அன்றிலிருந்து 'எரிபொருள் மிச்சம்' என்ற சொல்லுக்குக் கரையில் ஒரு சந்தை உருவாகிவிட்டது. எஞ்சின் குழாயில் பூட்டும் காந்தம் வந்தது. தாங்கிக்குள் போடும் குளிசை வந்தது. இப்போது வட்ஸ்அப்பில் சுற்றுவது சுறாத் தோல்.

வடமராட்சியில் கடற்றொழிலாளர் சங்கமொன்றில் பொறுப்பிலுள்ள ஒருவர் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, படகின்ரை அடியைச் சொரசொரப்பாக்கினால் எண்ணெய் மிச்சமாமே, உண்மையோ? சங்கத்திலை ரெண்டு பேர் உளியாலை கோடு கீறப் போறம் எண்டு நிக்கினம்."

கேள்வி சிரிப்புக்குரியது அல்ல. சுறாவைப் பிடித்து அறுத்த கைகளுக்கு அந்தத் தோலின் குணம் தெரியும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் தடவினால் கையைக் கீறும். ஒரு காலத்தில் தச்சர்கள் மரம் தேய்க்கப் பயன்படுத்திய தோல் அது. அவ்வளவு சொரசொரப்பான தோலுடைய ஒரு பிராணி கடலில் அவ்வளவு வேகமாக ஓடுகிறதென்றால் அதற்குள் ஏதோ இருக்க வேண்டும் என்று கடற்றொழிலாளி நினைப்பதும், விஞ்ஞானி நினைத்ததும் ஒன்றுதான்.

அதற்குள் ஏதோ இருப்பது உண்மை. அது எவ்வளவு, எந்தப் படகுக்கு என்பதில்தான் விவகாரம்.

சுறாவின் தோலில் மிகச் சிறிய பல் போன்ற செதில்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நீரோட்டத்தின் திசையில் மெல்லிய வரம்புகள் ஓடுகின்றன. ஒரு பரப்பின் மேல் தண்ணீர் வேகமாகப் போகும்போது பரப்பையொட்டி மிகச் சிறிய சுழிகள் உருவாகும். அவை மேலேயுள்ள வேகமான நீரைக் கீழே இழுத்து வந்து பரப்பில் மோதவிடுகின்றன. உராய்வின் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. அந்தச் சுழிகளின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் வரம்புகள் இருந்தால், சுழி பள்ளத்துக்குள் இறங்க முடியாமல் வரம்பின் நுனியில் மட்டும் உரசிப் போகும். 1970களின் பிற்பகுதியிலிருந்து நாஸாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் இதை அளந்து பார்த்தார்கள். பின்னர் ஜேர்மனியில் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். ஆய்வுகூடத்தில் மிகச் சிறந்த வடிவத்துக்குக் கிடைத்த உராய்வுக் குறைப்பு ஏறக்குறைய 10 சதவீதம். அதுதான் உச்சம்.

அது நடைமுறைக்கும் வந்தது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் துடுப்புப் படகொன்றில் 3எம் நிறுவனத்தின் வரம்பிட்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டது. 1987இல் அவுஸ்திரேலியாவின் பிரிமாண்டிலில் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டியை வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படகின் அடியிலும் அதே வகைத் தாள் இருந்தது. இப்போது லுப்தான்சா நிறுவனம் சில விமானங்களின் உடலில் சுறாத் தோல் போன்ற தாளை ஒட்டிப் பறக்கவிடுகிறது. அதில் எரிபொருள் மிச்சம் சுமார் 1 சதவீதம். ஒரு சரக்கு விமானத்துக்கு 1 சதவீதம் பெரிய பணம். ஒரு பாய்மரப் போட்டிக்குச் சில விநாடிகள் போதும்.

காணொளியில் சொன்னது 30 சதவீதம்.

இனி நமது 18 அடிப் பைபர் படகுக்கு வருவோம். மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில், நமது கடலின் வெதுவெதுப்பான நீரில், சுழிக்குப் பொருந்தும் வரம்புகளின் இடைவெளியைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பு. 20 கடல்மைல் வேகத்துக்குப் போனால் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வேகத்துக்கு வேகம் அளவு மாறும். வரம்பு நீரோடும் திசைக்கு நேராகவும் இருக்க வேண்டும். திசை விலக விலகப் பலன் குறைந்து, கடைசியில் அதுவே இழுவையைக் கூட்டும். எழும்பி ஓடும் படகின் அடியில் தண்ணீர் நேராகப் பின்னால் போவதில்லை. ஏராவிலிருந்து இரு பக்கமும் சாய்வாக வெளியே தள்ளப்படுகிறது.

கடற்கரை மணலின் ஒரு துணிக்கையே இந்த வரம்பைவிடப் பல மடங்கு பெரியது. ஒவ்வொரு நாளும் மணலில் இழுத்தேற்றி, மணலில் தள்ளி இறக்கும் படகில் தலைமயிர் அளவுக் கோடுகள் எத்தனை நாளைக்கு நிற்கும்? இழுக்காமல் தண்ணீரிலேயே கட்டிவைக்கும் படகென்றால் சில நாட்களில் பாசி படிந்து பள்ளத்தை நிரப்பிவிடும். சுறா உயிருள்ளது. அதன் செதில்கள் விழுந்து புதிதாக முளைக்கும். படகின் ஜெல்கோட் முளைக்காது.

உளியால் கீறும் கோடு ஒரு மில்லிமீற்றரென்றாலும் தேவையான அளவைவிடப் பத்து மடங்குக்கு மேல். அந்த அளவில் சுழி பள்ளத்துக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மிச்சப்படுவதற்குப் பதிலாகச் செலவு கூடும். போதாததற்கு ஜெல்கோட் வெட்டுப்பட்டால் உள்ளே கண்ணாடி நாருக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கும். ஆகவே அந்தச் சங்கத்தவருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை: "ஐயா, தயவுசெய்து உளியை வைக்கச் சொல்லுங்கோ."

கொல்ஃப் பந்தைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. பந்தில் குழி இருந்தால் தூரம் போகிறதே, படகில் ஏன் கூடாது? பந்து உருண்டை. அதன் பின்னால் காற்று பிரிந்து பெரிய வெற்றிடம்போல ஒரு வால் உண்டாகிறது, பந்தைப் பின்னுக்கு இழுப்பது அந்த வால்தான். குழிகள் பந்தையொட்டிய காற்றைக் கலக்கிவிடுவதால் அது பந்தின் பின்பக்கம்வரை ஒட்டிச் சென்று வாலைச் சிறிதாக்குகிறது. படகு நீண்டு ஒடுங்கிய உருவம். அதன் அடியில் ஓடும் நீர், முனையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தாண்டுவதற்குள்ளேயே கலங்கிய ஓட்டமாகிவிடுகிறது. ஏற்கெனவே கலங்கியதைக் கலக்கக் குழி தேவையில்லை. குழி அங்கே உராய்வை மட்டும் கூட்டும்.

தாமரை இலை விவகாரமும் இதே போலத்தான். தண்ணீர் ஒட்டாத பூச்சு என்று சொல்லி விற்கிறார்கள். தாமரை இலையின் நுண்மேடுகளையும் மெழுகையும் 1990களில் விளக்கிய ஜேர்மன் தாவரவியலாளர் பார்த்லொட், சல்வீனியா இலை தண்ணீருக்கடியில் காற்றுப் படலமொன்றைப் பிடித்து வைத்திருப்பதையும் ஆராய்ந்தார். 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பித்தலுக்கென்று கொண்டுவந்து, பின் நாடு முழுக்கக் குளங்களையும் வயல்களையும் மூடிய அதே சல்வீனியாதான். காற்றுப் படலம் இருக்கும்வரை இழுவை குறையும் என்பது உண்மை. அலையிலும் அழுத்தத்திலும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஆய்வுகூடத் தொட்டிக்கும் பருத்தித்துறைக் கடலுக்கும் இடையிலான தூரம் அது.

சரி, உராய்வு முழுவதையும் விட்டுவிடலாமா என்றால் அதுவும் பிழை. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். சொரசொரப்பு எவ்வளவு மிச்சம் தரும் என்பதை விட்டு, எவ்வளவு தின்கிறது என்று பார்த்தால் கணக்குப் பெரிதாகிறது.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் புரூட். 1870களில் டோர்கீயில் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, அதற்குள் பலகைகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்குத் துணி, ஒன்றுக்கு மணல். மணல் ஒட்டிய பலகையின் உராய்வு வார்னிஷ் பூசிய பலகையைவிடக் கிட்டத்தட்ட இருமடங்காக இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய அந்தக் கணக்கை இன்றைக்கும் யாரும் கவிழ்க்கவில்லை. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் மைக்கல் ஷூல்ட்ஸ் 2007இல் ஒரு போர்க்கப்பலுக்குச் செய்த கணக்கில், மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் மெல்லிய பாசிப் படலத்துக்கே 11 சதவீதம் கூடுதல் வலு தேவைப்பட்டது. தடித்த பாசிக்கு 21 சதவீதம். கொட்டலசும் சிப்பியும் நன்றாக ஏறிவிட்ட அடிக்கு 86 சதவீதம். நமது படகு போர்க்கப்பல் அல்ல. இலக்கங்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் எந்தப் பக்கத்தில் பணம் கிடக்கிறது என்பது தெரிகிறது. அழகான கோடு கீறினால் ஒன்றிரண்டு சதவீதம். பாசியைச் சுரண்டினால் பத்து, இருபது.

குருநகர்ப் பக்கம் களப்பு ஆழமில்லாததால் பல படகுகள் கரையிலிருந்து தள்ளித் தண்ணீரிலேயே நிற்கின்றன. அவற்றுக்குப் பாசியும் கொட்டலசும்தான் எதிரி. வடமராட்சியின் கல்லுப் பாருள்ள கரைகளில் இழுத்தேற்றும் படகுகளுக்குப் பாசி இல்லை, கீறல்தான். ஏராவின் இரு பக்கமும் ஜெல்கோட் போய், நார் வெளியே தெரியும் படகுகளை எத்தனையோ கரைகளில் பார்த்திருக்கிறேன். அந்த நார்த் திட்டு புரூட்டின் மணல் பலகைதான்.

எவ்வளவு வழுவழுப்பு வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நமது வேகங்களில் 0.02 மில்லிமீற்றருக்குக் கீழே மேடுபள்ளம் போய்விட்டால் தண்ணீருக்கு அது தெரியாது. அதற்கு மேல் மெருகேற்றி, மெழுகு பூசி, கண்ணாடி போல மினுக்குவதால் கடலில் ஒன்றும் கிடைக்காது. கீறலுக்கு ரெசினும் ஜெல்கோட்டும் நிரப்பி, காய்ந்த பின் 400 இலக்கச் சாண்ட்பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். பெயின்ட் அடிப்பதென்றால் சொட்டும் தூரிகைக் கோடும் இல்லாமல் அடிக்க வேண்டும், அல்லது அடித்த பின் தேய்க்க வேண்டும். இதைச் செய்ய வெளிநாட்டுக் காணொளி தேவையில்லை. கரையில் இருக்கும் எந்தப் படகு மேசனுக்கும் தெரிந்த வேலை.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு நாளைக்கு 20 லீற்றர் எரிக்கும் படகு என்று வைத்துக்கொள்வோம். எழும்பி ஓடும் சிறு படகில் இழுவையின் ஏறக்குறைய பாதி உராய்வு, மீதி படகின் பாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருப்பதற்கான விலை. சுறாத் தோல் தாள் உராய்வில் 5 சதவீதத்தைக் குறைத்தது என்று தாராளமாகவே கொடுத்தாலும் மொத்தத்தில் அது இரண்டரைச் சதவீதம். அரை லீற்றர். 340 ரூபா விலையில் 170 ரூபா. அதே படகின் தளத்துக்கு அடியில் மிதப்புக்கென்று அடைத்த ரிஜிபோம் பழுதாகி 50 லீற்றர் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கிறது என்றால், எல்லாம் சேர்த்து 800 கிலோ வரும் படகில் அது ஆறு சதவீதப் பாரம். எழும்பி ஓடும்போது இழுவை ஏறக்குறைய பாரத்தோடு சேர்ந்தே ஏறும். ஒரு லீற்றருக்கு மேல் ஒவ்வொரு நாளும் அந்த ஊறிய ரிஜிபோமைச் சுமக்கவே எரிகிறது. பழைய படகுகள் 'பாரமாப் போச்சு' என்று கரையில் சொல்வார்கள். கற்பனை இல்லை. நிறுத்துப் பார்த்தால் தெரியும்.

காற்றாடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 15 குதிரைவலு எஞ்சினின் காற்றாடி நுனி விநாடிக்கு 30 மீற்றர் வேகத்தில் தண்ணீரைக் கிழிக்கிறது. படகின் அடி காணும் வேகத்தைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. உராய்வு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பாரில் தட்டி நுனி மடங்கிய, உப்பும் பாசியும் படிந்த காற்றாடிதான் ஒரு படகில் மிக விலை கூடிய சொரசொரப்பு. அரத்தால் விளிம்பைச் சீராக்கி, மூன்று இதழையும் ஒரே அளவாக வைத்து, நன்றாகத் தேய்த்துவிட அரை மணி நேரம் போகும். அதிகமாக அரைத்து ஓர் இதழை மட்டும் இலேசாக்கிவிட்டால் எஞ்சின் அதிரும், அது மட்டும் கவனம்.

வேகம் இன்னொன்று. தண்ணீரில் 16 அடி நீளம் படியும் படகு மணிக்கு ஐந்தரைக் கடல்மைலைத் தாண்டும்போது, தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயல்கிறது. முனை மேலே நிமிரும், பின்பக்கம் புதையும், எஞ்சின் முனகும். எழும்பவும் இல்லை, படியவும் இல்லை என்ற அந்த இடைநிலையில்தான் மண்ணெண்ணெய் அதிகம் வீணாகிறது. அந்த இடத்தில் எந்தத் தோலும் உதவாது, ஏனென்றால் அங்கே தின்பது அலை. ஒன்றில் அதற்குக் கீழே நிதானமாகப் போக வேண்டும், அல்லது வலையையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்கு நகர்த்தி, எஞ்சினின் சாய்வு ஊசியை ஒரு துளை மாற்றிச் சட்டென்று எழும்பவிட வேண்டும். உலக உணவு விவசாய நிறுவனம் 2012இல் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டது. எழுதியவர் வங்காள விரிகுடாத் திட்டத்தில் இந்தக் கரைகளுக்குப் படகு வரைந்த நோர்வேக்காரர் குல்பிரான்ட்சன். வேகத்தைக் குறைப்பது, அடியைச் சுத்தமாக வைப்பது, பொருத்தமான காற்றாடி என்று சாதாரண விடயங்கள்தான் அதில் இருக்கின்றன. விற்க முடியாத ஆலோசனைகள் என்பதால் காணொளிக்காரர்கள் அவற்றைச் சொல்வதில்லை.

எண்ணெயை மிச்சம் பிடிப்பது எப்படி என்று வடக்கின் சனத்துக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள், காபுரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். கடலுக்குப் போக நேரமும் தூரமும் இன்னொருவர் குறித்துக் கொடுத்த காலத்தில் வாழ்ந்தவர்கள். மயிலிட்டித் துறைமுகத்துக்குத் திரும்ப 27 ஆண்டுகள் காத்திருந்து 2017இல் போனவர்கள். அதனால்தான் மலிவாக ஏதாவது வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் காது கொடுக்கிறோம். அந்தக் காதை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

இந்த விவகாரத்தில் எனக்குக் கோபம் வருவது காணொளிக்காரர் மீது அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிந்திய மீள்குடியேற்றத்திலும் எத்தனையோ பைபர் படகுகள் கையளிக்கப்பட்டன. சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டப்பட்டவற்றில் தரக்குறைவான படகுகள் இருந்ததை உலக உணவு விவசாய நிறுவனமே அப்போது சுட்டிக்காட்டியது. ஆனால் கையளிப்பு விழாவில் எண்ணப்பட்டது படகுகளின் தொகைதான். ஒரு படகையாவது தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்ததை நான் எங்கும் கண்டதில்லை. 20 கிலோ கூடுதல் ரெசின் ஊற்றிய, அடி அலையலையாக இருக்கும் படகைப் பெற்றவர் அதன் ஆயுள் முழுவதும் அதற்கு மண்ணெண்ணெயாக விலை கொடுக்கிறார். போருக்கு முன் காரைநகரில் நோர்வே உதவியுடன் சீநோர் படகுத் தளம் இருந்தது. படகு கட்டும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. இன்றைக்கு ஒரு சங்கத்துக்கு உதவி என்று வருபவர்கள் படகும் எஞ்சினும்தான் கொண்டுவருகிறார்கள். இழுத்தேற்றும்போது அடி கீறாமல் இருக்க உருளைகளும் ஒரு வின்ச்சும், பழுது பார்க்க ஒரு கொட்டிலும் ரெசினும் கேட்டால், படத்துக்கு அது நல்லாயிராது என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் செய்தாலும் இன்னொரு கணக்கு மிஞ்சி நிற்கிறது. கரையிலிருந்து 6 கடல்மைலில் வலை போட்டவர் 9 கடல்மைலுக்குப் போக வேண்டி வந்தால் ஓடும் தூரம் ஒன்றரை மடங்கு. எரிபொருளும் ஒன்றரை மடங்கு. வழுவழுப்பும் இலேசும் சீரான காற்றாடியும் சேர்ந்து 20 சதவீதம் மிச்சம் தந்தாலும் இந்த 50 சதவீதத்தை ஈடுசெய்யாது. கிட்டக் கடலில் மீன் ஏன் குறைந்தது என்று கேட்டால் கரையில் எல்லோரும் ஒரே திசையைத்தான் காட்டுவார்கள். வாரத்தில் மூன்று நாட்கள் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் இங்கே சிறு படகுகள் வலை போட அஞ்சுகின்றன. போட்டால் வலை அறுகிறது, போடாவிட்டால் அந்த நாள் போகிறது. அடித்தள இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்தச் சட்டம் உள்ளூர் இழுவைப் படகுகளுக்கும் உரியது என்பதை நாமும் வசதியாக மறந்துவிடக் கூடாது. கடலடி வழிக்கப்பட்ட இடத்தில் மீன் தேடி ஓடும் தூரத்தை எந்தப் பூச்சும் குறைக்காது. அது கொழும்பும் டெல்லியும் சென்னையும் பேசித் தீர்க்க வேண்டிய தூரம். விலை ஏறும்போதெல்லாம் 'நவீன தொழில்நுட்பத்துக்கு மாறுங்கள்' என்று கடற்றொழிலாளருக்கு மேடையில் சொல்பவர்கள் இந்தத் தூரத்தைப் பற்றியும் ஒரு வசனம் சேர்த்துக்கொள்ளலாம்.

சங்கத்தவருக்கு நான் கடைசியாகச் சொன்னது ஒரு சோதனை. நான் சொன்னதையும் நம்ப வேண்டாம், காணொளியையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகளை எடுங்கள். ஒன்றின் அடியை நிரப்பித் தேய்த்துச் சீராக்குங்கள். மற்றதை இருந்தபடி விடுங்கள். இரண்டையும் நிறுத்து, குறைந்ததில் மணல் மூட்டை வைத்துப் பாரத்தைச் சமமாக்குங்கள். அலையில்லாத காலையில், களப்புக்குள், மூன்றாவது படகொன்றால் நீளமான கயிற்றில் ஒவ்வொன்றாக இழுங்கள். இழுக்கும் படகின் அலைச்சுவடு தொடாத அளவுக்குக் கயிறு நீளமாக இருக்கட்டும். இழுபடும் படகின் எஞ்சினைத் தூக்கி வையுங்கள். கயிற்றின் நடுவே மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கட்டுங்கள். மெதுவான வேகத்துக்கு 50 கிலோ தராசு போதும், எழும்பி ஓடும் வேகத்துக்கு 200 கிலோ காட்டும் தராசு வேண்டும். வேகத்தைக் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும். போகும்போதும் வரும்போதுமாக நாலு முறை இழுத்து, தராசு காட்டுவதை ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். புரூட் செய்ததும் இதுதான், அவரிடம் ஜிபிஎஸ் இருக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்து நாலு மாணவர்களைக் கூப்பிட்டால் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"அப்ப அந்தச் சுறாத் தோல் பெயின்டையும் ஒரு படகுக்கு அடிச்சு இழுத்துப் பாக்கலாமோ?" என்று கேட்டார். அடிக்கலாம், ஆனால் விற்பவரின் செலவில் என்றேன். தராசு யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதாகச் சொல்லி வைத்தார்.